இல்லை என்று சொல்லாத வீடு

அத்தியாயம் 14

"உள்ள போனதுக்கு அப்புறம் புருஷன் ஒண்ணு, பெண்டாட்டி ஒண்ணு சொல்லவே கூடாது. பிள்ளை தப்பாச் சொன்னாக்கூட விட்டுடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தீங்கன்னா அதோட முடிஞ்சது."

அடையாறு ஷீலா மிஸ் கடைசி வகுப்பில் சொன்ன இந்தப் பேச்சு, சனிக்கிழமை காலை இட்லித் தட்டைக் கழுவும்போதும் ஷண்முகப்ரியாவின் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்த வகுப்பு அது. சனிக்கிழமை பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்களுக்கு. இன்டர்வியூ என்ற வார்த்தையை ஷீலா மிஸ் வாயால் சொல்ல மாட்டார். பிள்ளைகளை அப்படிச் சோதித்துச் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். அதனால் பள்ளிக்கூடங்கள் 'சும்மா பேசிப் பார்க்கிறோம்' என்று கூப்பிடுகின்றன. "சும்மா பேசத்தான் மூணு மாசம் டியூஷன் எடுக்கிறேன்" என்று மிஸ்ஸே சிரிப்பார்.

ப்ரியாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இது சும்மா இல்லை.

ப்ரியாவின் கணவன் சக்திவேல் வீட்டு வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்கள் தி.நகரில் பாத்திரக் கடை. பெண்களும் பிள்ளைகளும் திசையன்விளையில். ஆண்கள் கடை மாடியில் படுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, கோயில் கொடைவிழாவுக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போய் வருவார்கள். பெரிய மருமகள் தங்கம் அப்படித்தான், கல்யாணமான நாளிலிருந்து புருஷன் கதிரேசனைப் பண்டிகைக்குப் பண்டிகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். சின்ன மருமகள் ப்ரியா மட்டும்தான் அடம் பிடித்துச் சென்னைக்கு வந்து, மாம்பலத்தில் கடைக்குச் சொந்தமான இரண்டு அறை வீட்டில் குடித்தனம் வைத்தவள்.

அதற்கும், இப்போது ஊரோடு இருக்கும் மாமனார் சண்முகவேல் ஒரு கெடு வைத்திருந்தார். "பிள்ளை ஒண்ணாங்கிளாஸ் சேருத வரைக்கும் இருங்க. நல்ல பள்ளிக்கூடத்துல இடம் கிடைச்சா மேற்கொண்டு பேசுவோம். கிடைக்கலன்னா ஜூன் மாசம் ஊருக்கு வந்திரணும்."

இரண்டு பள்ளிகள் கையை விரித்துவிட்டன. மந்தைவெளிக்குப் பக்கத்தில் இருந்த இந்த ஒன்றுதான் பாக்கி. இன்றைக்கு அங்கே கூப்பிட்டிருந்தார்கள்.

"தாமிரா, இங்க வா. அம்மா கையில என்ன இருக்கு?"

பாதி வாரிய தலையோடு பிள்ளை ஓடி வந்தாள். ப்ரியாவின் வலது கையில் ஒரு ஸ்பூன்.

"ஸ்பூன்."

"இந்தக் கையில பென்சில் இருக்கா?"

வெறும் கையைத் தாமிரா உற்றுப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். "வருதும்மா" என்றாள்.

ப்ரியா கண்ணை மூடித் திறந்தாள்.

சிக்கல் இதுதான். பாத்திரக் கடையில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. இல்லை என்று சொன்னால் வந்த லட்சுமி படியிறங்கிப் போய்விடுவாள் என்பது சண்முகவேல் கடை திறந்த நாளில் போட்ட சட்டம். கேட்ட சாமான் இருப்பில் இருந்தால் 'இருக்கு'. இருப்பில் இருக்காவிட்டால் 'வருது'. நடக்கப் பழகிய நாளிலிருந்து சாயங்காலமானால் கடையில், அண்டாவுக்கும் குடத்துக்கும் நடுவில் வளர்ந்தவள் தாமிரா. தெரியாததைத் தெரியாது என்றும், இல்லாததை இல்லை என்றும் பளிச்சென்று சொல்லுகிற பிள்ளையைத்தான் பள்ளிக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று ஷீலா மிஸ் தலைப்பாடாக அடித்துக்கொண்டும், அந்த ஒரு சொல் மட்டும் பிள்ளை வாயில் வரவில்லை.

"மிஸ் கேட்டா 'இல்ல மிஸ்'னு சொல்லணும், என்ன?"

"சரிம்மா" என்றாள் தாமிரா. 'சரி' சொல்லுவதில் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சிரமம் கிடையாது.

அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, கூடத்துச் சுவரில் இருந்த பென்சில் கோடுகள் ப்ரியாவின் கண்ணில் பட்டன. இந்த வாரம்தான் பார்த்தாள். பார்த்த சூட்டில் பிள்ளை முதுகில் ஒன்று வைத்தும்விட்டாள். தாமிரா வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு நின்றாள். வந்து அழித்துக்கொள்ளலாம் என்று ப்ரியா கதவைப் பூட்டினாள்.

*

உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் கடை. சந்து முனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, தாமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு ப்ரியா உள்ளே போனபோது, சக்திவேல் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். ஷீலா மிஸ் சொன்னபடியே வெளிர்நீலச் சட்டை. கைச்செயினைக் கழற்றியிருந்தான். கிளம்புகிற ஆளின் முகம் மட்டும் இல்லை.

"போவோமாங்க?"

"இன்னும் போணி ஆகல, ப்ரியா."

முதல் வியாபாரம் ஆகாமல் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டான். கல்யாணமான புதிதில் அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"உங்க அண்ணாச்சிகிட்ட விட்டுட்டு வாங்களேன்."

"அவுங்க காஞ்சிபுரம் பார்ட்டியப் பாக்கப் போயிருக்காங்க. இந்தா, நங்கநல்லூர்லருந்து வந்திருக்காங்க. கல்யாணச் சாமான். இப்ப முடிஞ்சிரும்."

தாம்பாளங்களுக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். கடையின் மூத்த விற்பனையாளர் பீர் முஹம்மது ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இதே மாதிரி கொஞ்சம் கனம் கம்மியா இல்லையா?"

"வருதும்மா. குடோனுக்கு ஆளு போயிருக்கு. உக்காருங்க, டீ சொல்லுதேன்."

"சிவப்புக் கல்லு வச்ச குங்குமச்சிமிழ்?"

"அதும் வருது."

தாமிரா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ப்ரியா அவள் முகத்தைத் தன் புடவைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். மூன்று மாதம் படித்ததை இன்னும் கொஞ்ச நேரத்தில் பீர் முஹம்மது துடைத்துப் போட்டுவிடுவார் போலிருந்தது.

"நான் ஒரு கரண்டி வாங்கிக்கிடுதேன். அதைப் போணியா வச்சுக்கிடுங்க" என்றாள் கணவனிடம்.

"வீட்டாளு போணி பண்ணக் கூடாது. வலது கைல இருந்து இடது கைக்குப் போனா வியாபாரமா?"

அதற்குள், "இன்னும் ரெண்டு கடை பார்த்துட்டு வரோம்" என்று நங்கநல்லூர் அம்மா மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். சக்திவேலின் முகம் சுருங்கிப்போயிற்று. ப்ரியா கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆட்டோ ஓட்டி வந்த கருணாகரன் வாசலில் வந்து நின்றான்.

"இன்னாம்மா, ரெண்டு தபா விரட்டிட்டான் போலீசு. போறோமா, இல்ல வண்டிய ஸ்டாண்டுல போட்டு நானும் இங்கயே குந்திக்கவா?"

"முதல் வியாபாரம் ஆகாம வர மாட்டாங்களாம்ணா."

"அட இன்னா சார் நீ! எனக்கும் இன்னிக்கி மொத சவாரியே நீங்கதான். உன் போணிக்கு நான் வெய்ட் பண்ணா என் போணிக்கு எவன் வெய்ட் பண்ணுவான்?" சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, மேலே தொங்கிய தூக்குச்சட்டிகளில் சின்னதாக ஒன்றைத் தட்டிப் பார்த்தான். "இது எவ்ளோ? டீ வாங்கியாறத்துக்கு ஆவும்."

சக்திவேல் விலை சொன்னான்.

"பாதி போடு."

"அசலே வராதேப்பா."

"போணி நேரத்துல கஸ்டமர வெறுங்கையோட அனுப்ப மாட்டீங்க இல்ல? அப்ப நான் போய்க்கினே இருக்கவா?"

பீர் முஹம்மது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ப்ரியா கணவனைப் பார்த்த பார்வையில் தூக்கு பாதி விலைக்குப் போயிற்று. சக்திவேல் பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டான். எழுந்தான்.

*

தேனாம்பேட்டை சிக்னலில் வண்டிகள் நகரவில்லை. ப்ரியா கடைசி முறையாகக் கணவனுக்குப் பாடம் கேட்டாள்.

"பாப்பாவோட ஃப்ரெண்ட் பேரு?"

"ஃபிர்தௌஸ்."

"அவளுக்குப் பிடிச்ச சாப்பாடு?"

"உப்புமா."

"உப்புமாவா? கேசரிங்க! உப்புமான்னா ஓடிருவா."

"ரெண்டும் ரவைதான?"

"இன்னா சார், பரிச்ச உனுக்கா பாப்பாவுக்கா?" என்று முன்னாலிருந்து கேட்டான் கருணாகரன்.

சக்திவேல் சிரித்தான். ப்ரியாவும் சிரித்துவிட்டாள். மகளை மடியில் வைத்து, காற்றில் பறந்த அவள் முடியை ஒதுக்கிக்கொண்டே வந்த அவனைப் பார்த்தபோது, காலையிலிருந்து ஏறியிருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. போன ஞாயிறும் அப்படித்தான். "நீ மட்டும் கிளாசுக்குப் போயிட்டு வா, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று தானாகவே சொன்னான். அன்றைக்கு அடையாறு பஸ்ஸில் போகும்போது, பரவாயில்லை, இவரும் நம்மோடுதான் இழுக்கிறார் என்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

லஸ்ஸில் மெட்ரோ தடுப்பைச் சுற்றிக்கொண்டு, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பள்ளி வராந்தாவில் பெஞ்சு பெஞ்சாகக் குடும்பங்கள். ஒருவருக்கொருவர் புன்னகை செய்துகொண்டார்கள், பேசிக்கொள்ளவில்லை. கோட்டு போட்ட ஓர் அப்பா மகன் காதில் கிழமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் வியாழனில் நின்றுவிட்டான். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிள்ளை குடித்தான். வெள்ளி மட்டும் வரவில்லை.

"தாமிரா சக்திவேல்."

மூன்று பேரும் எழுந்தார்கள்.

*

பிரின்சிபல் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மேசையில் அவர்கள் அனுப்பிய தாள்கள் இருந்தாலும் அவர் அதைப் பார்க்கவில்லை, மனிதர்களைத்தான் பார்த்தார். அறை மூலையில் குட்டி மேசை. அங்கே தமிழ்மொழி என்ற பெயருடைய இளம் டீச்சர் தாமிராவை உட்காரவைத்து, ஊசி நூல் இல்லாமல் கயிற்றில் பெரிய மணிகளைக் கோக்கக் கொடுத்தாள்.

முதலில் ப்ரியாவிடம் கேட்டார். பாளையங்கோட்டையில் எம்.காம். முடித்தது, கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்ப்பது, பிள்ளைக்குப் படித்துக் காட்டும் கதைகள். ப்ரியா ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே பிடித்திருந்தது.

"நீங்க சொல்லுங்க சார். உங்க பொண்ணோட ஃப்ரெண்ட் யாரு?"

"ஃபிர்தௌஸ்" என்றான் சக்திவேல், கேள்வி முடியும் முன்பே.

"அவ மதுரைக்குப் போயிட்டாளேப்பா" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "இப்ப செம்பியன்தான் ஃப்ரெண்டு."

பிரின்சிபல் அம்மாவின் உதடு லேசாக அசைந்தது. சக்திவேல் கழுத்தைத் தடவிக்கொண்டான். ஃபிர்தௌஸ் மதுரைக்குப் போன கதை ப்ரியாவுக்கும் புதிது.

தமிழ்மொழி டீச்சர் ஒரு தட்டை எடுத்து வைத்தாள். சாவி, இலை, சிவப்புப் பந்து, சீப்பு.

"தாமிரா, இதுல பந்து இருக்கா?"

"இருக்கு மிஸ்."

"சாவி?"

"இருக்கு."

"பென்சில் இருக்கா?"

ப்ரியாவின் விரல்கள் புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டன. சொல்லு கண்ணு. ஒரே ஒரு சொல்.

தாமிரா தட்டைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். முகத்தில் பீர் முஹம்மதின் பணிவு அப்படியே வந்து உட்கார்ந்தது.

"வருது மிஸ்."

"வருதா? எங்கேருந்து?"

"குடோன்லருந்து. ஆளு போயிருக்கு. நீங்க உக்காருங்க மிஸ், டீ குடிக்கீங்களா?"

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வாயை மூடிக்கொண்டாள். பிரின்சிபல் அம்மா வாய்விட்டே சிரித்தார். ப்ரியாவுக்குத்தான் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இது என்ன சார்?" என்று கேட்டார் பிரின்சிபல்.

இதுவரை அளந்து பேசிய சக்திவேலுக்கு இப்போது பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. அப்பா போட்ட சட்டத்தைச் சொன்னான். இல்லை என்ற சொல்லைக் கேட்டால் வாடிக்கையாளர் மனசு எப்படி விட்டுப்போகும் என்று சொன்னான். "வருதுன்னு சொன்னா அவுங்க காத்திருப்பாங்க மேடம். காத்திருக்கையில வேற ஏதாவது கண்ணுல படும்."

"கடைசி வரைக்கும் அந்தச் சாமான் வராட்டி?"

"அதுக்குள்ள அவுங்க வேற வாங்கிட்டுப் போயிருப்பாங்க மேடம்."

அவர் தலையாட்டினார். அவன் சொன்ன விதம் அவருக்குப் பிடித்திருந்தது என்று ப்ரியாவுக்குத் தோன்றியது. புடவைத் தலைப்பை விட்டாள்.

"சரி, வழக்கமாக் கேட்கிறதுதான். மாம்பலத்துல இருந்து வர்றீங்க. ஜூன்லயும் அதே வீடுதானே? பிள்ளை அப்பா அம்மா ரெண்டு பேரோடயும் இருக்கணும், அதுதான் எங்களுக்கு முக்கியம். இங்க பேரைச் சேர்த்துட்டு, தாத்தா வீடு, ஹாஸ்டல்னு நடுவுல கூட்டிட்டுப் போயிடறாங்க."

"அதே வீடுதாங்க மேடம்" என்றான் சக்திவேல்.

கோத்துக்கொண்டிருந்த மணியைக் கீழே வைக்காமலே தாமிரா நிமிர்ந்தாள்.

"அப்பா, அந்த வீட்ல கடை அண்ணன்மாருக்குக் கட்டில் போடப் போறாங்கள்லா? பெரியப்பா டேப் வச்சு அளந்தாங்களே. செவத்துல கோடு போட்டு, எட்டுக் கட்டில் போடலாம்னு சொன்னாங்க. நீங்களும் ஒரு பக்கம் டேப் புடிச்சீங்க."

பிரின்சிபல் அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

சுவரில் இருந்த கோடு. போன ஞாயிறு. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ப்ரியாவுக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதுவும் விளங்காமல் இல்லை. அவள் கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"அது... சும்மா ஒரு இதுக்கு அளந்தது மேடம். வீடு அப்படியேதான் இருக்கும்" என்றான் சக்திவேல்.

பிரின்சிபல் அம்மா அவனை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அதோடு முடிந்தது. ஆமாம் மேடம், சும்மா அளந்தது என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். சீட் கிடைக்கக்கூடக் கிடைக்கலாம். தயார் செய்து வைத்திருந்த ஆங்கிலம் எல்லாம் எங்கே போயிற்றோ, ப்ரியாவுக்குத் தமிழ்தான் வந்தது.

"எனக்கு இப்பத்தான் தெரியும் மேடம். உங்களுக்குத் தெரிஞ்ச அதே நேரத்துல."

சொல்லிவிட்டாள். அதில் அவளுக்கே ஆச்சரியம்.

பிரின்சிபல் அம்மா எழுந்து போய், தாமிரா கோத்த மணிமாலையை வாங்கிப் பார்த்து, "நல்லாக் கோத்திருக்கியே" என்று அவள் தலையில் கை வைத்தார். பிறகு திரும்பினார்.

"பிள்ளையைப் பத்தி எனக்குக் கேள்வி எதுவும் கிடையாது. அவ வரலாம். உங்க ரெண்டு பேரைப் பத்தித்தான் இன்னும் தெரியலை. திங்கட்கிழமை மத்தியானம் நீங்க ரெண்டு பேர் மட்டும் வாங்க. ஜூன்ல யார் யார் எங்க இருக்கப் போறீங்கன்னு ஒரே பதிலாக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் சீட்டை வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

*

வெளியே தூங்குமூஞ்சி மர நிழலில் ஆட்டோ நின்றிருந்தது. கருணாகரன் எதிர்க் கடையில் டீ வாங்கப் போயிருந்தான். தாமிரா ஓடிப்போய் அவன் சீட்டில் ஏறி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே வண்டி ஓட்டத் தொடங்கினாள்.

"வீட்ட விடுதோம்னு உங்க அப்பாகிட்ட எப்ப சொன்னீங்க?" என்று கேட்டாள் ப்ரியா.

"பொங்கலுக்குப் போனப்ப. 'ஜூன்ல கூட்டிட்டு வந்திரு, வீட்டக் கடைப் பயலுவளுக்கு விட்ருவோம்'னு சொன்னாங்க. சரிப்பான்னுட்டேன்."

"என்கிட்ட?"

"உன்கிட்டயும் சரின்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் எப்படிங்க சரியாகும்?"

அவன் செருப்பு நுனியால் ஒரு காயைத் தள்ளிவிட்டான். "சீட் கிடைச்சிருச்சுன்னு வையி, அப்பாவே மனசு மாறிருவாங்கன்னு நெனச்சேன். கிடைக்கலன்னா... ஒருத்தரையும் குத்தம் சொல்ல வழி இருக்காதுல்லா. பள்ளிக்கூடத்துக்காரன் தரல, அவ்வளவுதான்."

"பள்ளிக்கூடத்துக்காரனுக்கு முன்னால உக்காந்தது யாரு? நீங்களா, நானா?" ப்ரியா குரலை உயர்த்தவில்லை. "அஞ்சு வயசுப் பிள்ள பாஸ் பண்ணினா நாம ஒரு வீட்ல இருக்கலாம். அவ தப்பாச் சொல்லிட்டா அவ தலையில போட்டுட்டு நீங்க மாடியில போய்ப் படுத்துக்கிடுவீங்க. இதுக்குத்தான் மூணு மாசமா அவள வாட்டி எடுத்தேனா?"

வருது என்றுகூடச் சக்திவேலால் சொல்ல முடியவில்லை.

ப்ரியா ஆட்டோவுக்குப் போய் மகள் அருகில் குனிந்தாள்.

"செவத்துல கோடு போட்டது பெரியப்பாதான?"

"ஆமாம்மா."

"அம்மா அடிச்சேன்லா, நான் போடலன்னு ஏன் சொல்லல?"

தாமிரா ஹேண்டிலை விடாமல் யோசித்தாள். "நீங்க கோவமா இருந்தீங்க. கோவமா இருக்க ஆள்கிட்ட எதுத்துச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காங்க. கஸ்டமர் போயிருவாங்க."

ப்ரியா பிள்ளையின் முதுகை, அன்றைக்கு அடித்த அதே இடத்தை, தடவிக்கொண்டே நின்றாள். நிமிர்ந்தபோது சக்திவேல் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், பேசவும் இல்லை, அணைக்கவும் இல்லை. திரையில் 'அப்பா'.

"எடுங்க. இப்பச் சொல்லுங்க."

"ப்ரியா, ரோட்டுல வச்சு..."

அவள் கையை நீட்டினாள். அவன் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டான். கொடுப்பதுதான் அவனுக்குச் சுலபமாக இருந்தது.

"ஏல சக்தி, போன காரியம் என்னாச்சு?"

"மாமா, நான் ப்ரியா பேசுதேன்."

நல்லா இருக்கீங்களா மாமா, அத்தைகிட்டக் குடுங்க மாமா என்பதற்கு மேல் அவள் அவரிடம் போனில் பேசியதில்லை. குடும்பத்து விஷயம் எதுவானாலும் மகன்களிடம்தான் பேசுவார். மருமகள்கள் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

"அவன் எங்க?"

"பக்கத்துலதான் நிக்காங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைக்கு இடம் உண்டுன்னு சொல்லிட்டாங்க மாமா. பேச வேண்டியது நம்மகிட்டதான் இருக்கு."

ஒரு இருமல். "இன்னைக்கு ராத்திரி ரயில் ஏறுதேன். காலைல எழும்பூர்ல இறங்குவேன். அவன ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு."

"நான் வாரேன் மாமா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். இவ்வளவு வாயா உனக்கு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. மறுபடி வந்த குரல் தாழ்ந்திருந்தது.

"அதுவும் நல்லதுக்குத்தான். நீ மட்டும் வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் தாயி. கதிரேசனுக்கும் தெரியாண்டாம், சக்திக்கும் தெரியாண்டாம். கணக்குப் பாக்கத் தெரிஞ்ச ஆளு நம்ம வீட்ல நீ ஒருத்திதான்."

போன் நின்றுவிட்டது.

அந்த மனுஷர் வாயிலிருந்து 'தாயி' என்று அவள் கேட்டதே கிடையாது. கையிலிருந்த போனைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு மகன்கள் கடையில் இருக்கும்போது, அவருக்கு என்ன கணக்கு அவளிடம் கேட்க?

"அப்பா என்ன சொன்னாங்க?" சக்திவேல் நெருங்கி வந்தான்.

என்னிடம் மட்டும் ஏன் ஒளித்தீர்கள் என்று சற்று முன்பு இதே மரத்தடியில் அவனைக் கேட்டு நின்றவள்தான். நாக்கு நுனி வரை வந்தது.

"காலைல வாராங்களாம்" என்றாள். போனை அவன் கையில் வைத்தாள்.

கருணாகரன் டீத் தூக்கோடு சாலையைக் கடந்து வந்தான். "இன்னாம்மா, சீட்டு கெட்ச்சுதா?"

"திங்கக்கிழமை தெரியும்ணா. நாளைக்குக் காலைல எழும்பூர் போகணும். வண்டி வருமா?"

"வரும்மா. எத்தினி பேரு?"

ஏறி உட்கார்ந்து, தாமிராவை மடிக்கு இழுத்துக்கொண்டாள் ப்ரியா. சக்திவேல் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்தபடி அவள் பதிலுக்காக நின்றான்.

"ஒரு ஆளுதான்" என்றாள்.